தொட்டிலிலிருந்து எத்தனை அடி?



குழந்தை மருத்துவத்தில் வந்திருக்கும் புதிய மருந்துகளைப் பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கின் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் லேபில் கழிந்தது. ஆகவே அறைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நிர்வாகிகள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார்கள்.

மருத்துவ வரலாற்றை நாம் பெயர்களாலும் ஆண்டுகளாலும் படிக்கிறோம். யார் கண்டுபிடித்தார், எப்போது, எந்தப் பரிசு கிடைத்தது என்பதோடு பாடம் முடிந்துவிடும். அந்தக் கண்டுபிடிப்பு நடந்த அறை மாடியில் இருந்ததா, நிலவறையில் இருந்ததா, அடுத்த அறையில் என்ன இருந்தது, வார்டுக்கு எத்தனை படி ஏறவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. குழந்தைகளுக்கான ஆராய்ச்சியில் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் கதையே புரியாது என்பது என் கருத்து. தொட்டிலுக்கும் லேப் மேசைக்கும் இடையில் உள்ள தூரம்தான், என்ன கேள்வி எழும் என்பதைப் பல நேரம் தீர்மானித்திருக்கிறது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன். 1947இல் அங்கே சிட்னி ஃபார்பர் நோய்க்குறியியல் மருத்துவர். அவருடைய இடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. குழந்தை உயிரோடு இருக்கும்வரை மேலே உள்ளவர்கள் பார்ப்பார்கள். இறந்தபின் திசு கீழே இவரிடம் வரும். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் எல்லாரும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்துசேர்ந்தார்கள். வார வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மேலே போய், உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று கிளம்பியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. பிணவறைக்காரருக்கு வார்டில் என்ன வேலை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

அவருக்கு மருந்து வந்த இடத்தோடு சென்னைக்கு ஓர் உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் பாஸ்டனுக்குக் கப்பலேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ் அப்போது நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். ஃபோலிக் அமிலத்தையும் அதைப் போன்ற சேர்மங்களையும் அவருடைய குழு தயாரித்தது. ஃபோலிக் அமில வகைச் சேர்மங்களை முதலில் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு மஜ்ஜையில் நோய் வேகமெடுத்ததாக ஃபார்பர் கண்டார். அப்படியானால் அந்த அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயைத் தடுக்குமா என்று கேட்டார். அமினோப்டெரின் என்ற தடுப்புச் சேர்மம் வந்தது. 1948 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. மாதங்கள்தாம் கிடைத்தன. இருந்தாலும் இரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பணியும் என்று தெரிந்தது அப்போதுதான். அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். 'நோய் வேகமெடுத்தது' என்பதைக் கண்டவர் மஜ்ஜையை நுண்ணோக்கியில் படிக்கத் தெரிந்தவர். அதே கட்டடத்தில் இருந்தவர். மாதிரியை வெளியூருக்கு அனுப்பி, வாரம் கழித்து ஒரு தாளில் எண்ணாக முடிவு வந்திருந்தால், 'மருந்து பயன் தரவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். கெட்ட முடிவை அருகிலிருந்து பார்த்ததால் அது கேள்வியாக மாறியது.

அதே மருத்துவமனையில் அதே காலத்தில் இன்னொரு லேப். 1946இல் ஜான் எண்டர்ஸை அழைத்துத் தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அவருடன் தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ். 1948 மார்ச்சில் வெல்லர் சின்னம்மை வைரஸை வளர்ப்பதற்காக மனிதக் கருவின் தோல், தசைத் திசுக்களைக் குழாய்களில் தயார் செய்தார். தேவைக்கு மேல் சில குழாய்கள் மிஞ்சிவிட்டன. போலியோ வைரஸ் ஃப்ரீசரில் இருந்தது. மிஞ்சிய குழாய்களில் அதைப் போட்டுப் பார்த்தார்கள், வளர்ந்தது. அதுவரை போலியோ வைரஸை நரம்புத் திசுவில்தான் வளர்க்கமுடியும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். நரம்புத் திசுவில் வளர்த்ததைத் தடுப்பூசியாக்குவது ஆபத்து என்பதால் அந்த வழி அடைபட்டிருந்தது. 1949 ஜனவரியில் கட்டுரை, 1954இல் நோபல் பரிசு, 1955இல் சால்க் தடுப்பூசி. நம் ஊரில் வீதிக்கு வீதி சொட்டு மருந்து முகாம் நடந்ததன் வேர் அந்த மிஞ்சிய குழாய்களில் இருக்கிறது.

தற்செயல் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தி இல்லை. அம்மை வைரஸுக்கான குழாயும் போலியோவுக்கான ஃப்ரீசரும் ஒரே லேபில், ஒரே ஆளின் கைக்கு எட்டும்படி இருந்ததைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? அது இட ஒதுக்கீடு. இன்றைய தணிக்கை முறைப்படி பார்த்தால், ஒரு திட்டத்தின் பணத்தில் தயாரித்த குழாயை இன்னொரு திட்டத்துக்குப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். (மாணவர்கள் சிரிக்கிறார்கள், துறைத்தலைவர்கள் சிரிக்கவில்லை.)

ஃபார்பர் பணம் திரட்டவும் கிளம்பினார். 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் 'ஜிம்மி' என்று பெயர் மாற்றி ஒரு சிறுவனைப் பேசவைத்தார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. 1952இல் தனிக் கட்டடமே எழும்பிவிட்டது. நோயுற்ற குழந்தையை வானொலிக்குமுன் நிறுத்திப் பணம் கேட்கலாமா என்ற சங்கடம் எனக்கு உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

இனி ஆஸ்திரேலியா. மெல்பர்ன் நகரில் பார்க்வில் என்ற பகுதியில் அரச குழந்தைகள் மருத்துவமனையும் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் ரூத் பிஷப் அங்கே நுண்ணுயிரியலாளர். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளில் பாதிக்கு மேல் காரணம் தெரியாமல் இருந்தது. மலத்தைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் நோய்க்கிருமி என்று சொல்லத்தக்க ஒன்றும் வராது. உலகம் முழுக்க இதே கதைதான். லட்சக்கணக்கான குழந்தைகள் ஆண்டுதோறும் இறந்துகொண்டிருந்த ஒரு நோய்க்கு, 'காரணம் தெரியவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவைத்திருந்தார்கள்.

அந்த மருத்துவமனையில் வயிற்றுப்போக்குக்குப் பிறகு பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் போவது ஏன் என்று ஒரு குழு ஆராய்ந்துவந்தது. அதற்காகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து, கடுகளவு திசுவை எடுக்கும் முறை அங்கே பழகியிருந்தது. பிஷப் அந்தத் துணுக்குகளைக் கேட்டு வாங்கினார். ஜெஃப்ரி டேவிட்சன் என்ற இளம் மருத்துவர் திசு எடுத்தார். பல்கலைக்கழகத்தில் இயன் ஹோம்ஸிடம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருந்தது. துணுக்கை நிலைப்படுத்தி, பிசினில் பதித்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய சீவலாக வெட்டி உள்ளே வைத்தார்கள். குடலின் மேற்புறச் செல்களுக்குள் ஒரே அளவில், ஒரே உருவில் துகள்கள் நிறைந்திருந்தன. குறுக்களவு ஏறக்குறைய 70 நானோமீட்டர். ஒன்பது குழந்தைகளில் ஆறு பேருக்கு இருந்தது. குணமானபின் சிலரிடம் மறுபடி திசு எடுத்துப் பார்த்தபோது துகள் இல்லை. 1973 டிசம்பரில் லான்செட் இதழில் வெளிவந்தது. சக்கரம் போன்ற அதன் தோற்றத்தை வைத்துத்தான் பிறகு ரோட்டாவைரஸ் என்று பெயரிட்டார்கள்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அப்போது உலகில் எத்தனையோ இடங்களில் இருந்தது. வயிற்றுப்போக்கு எல்லா ஊரிலும் இருந்தது. நோயுற்ற குழந்தையின் குடல் திசுவை முறையாக எடுக்கத் தெரிந்த வார்டும், அதை உடனே பதப்படுத்தத் தெரிந்த லேபும், கருவியும் நடந்துபோகும் தூரத்தில் சேர்ந்திருந்தது அபூர்வம். திசு காத்திருக்காது, எடுத்த சில நிமிடங்களில் கெடத் தொடங்கும்.

இந்த வரலாற்றில் அடுத்த வரி நம்முடையது. மறு ஆண்டே, 1974இல், இயன் ஹோம்ஸும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மின்னி மாத்தன் முதலானோரும் சேர்ந்து, இங்குள்ள குழந்தைகளிடமும் அதே வகை வைரஸ் காணப்படுவதாக லான்செட்டில் எழுதினார்கள். ஓராண்டுக்குள் அது எப்படி முடிந்தது? வேலூரில் வெல்கம் அறக்கொடையின் உதவியோடு, செல்வின் பேக்கர் தலைமையில் குடல் நோய்களுக்கான ஆராய்ச்சிக்கூடம் ஏற்கெனவே இயங்கிவந்தது. 'ஸ்ப்ரூ' என்ற, பெரியவர்களுக்கு வரும் குடல் உறிஞ்சல் நோய்க்காகத்தான் அதை அமைத்தார்கள். குடல் திசுவைப் பார்க்கும் கண்ணும் கருவியும் அங்கே தயாராக இருந்தன. ஒரு நோய்க்காகக் கட்டிய அறை இன்னொரு நோய்க்குக் கதவு திறந்துவிட்டது.

முப்பது ஆண்டு கழித்து அதே ஆராய்ச்சிக்கூடத்தில் ககன்தீப் காங்கும் அவர் குழுவினரும் செய்த வேலையைத்தான் நான் இந்த உரையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். 2002, 2003ஆம் ஆண்டுகளில் வேலூர் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் சேர்த்துக்கொண்டார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள் அவை. களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். குழந்தைக்கு நோய் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் சேகரித்தார்கள். பேதி கண்டால் அப்போதும் சேகரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம். மூன்று ஆண்டு முழுமையாக நின்றவர்கள் 373 பேர்.

இங்கே லேப் என்பது எங்கே தொடங்குகிறது? மருத்துவமனை வளாகத்திலா? என் கணக்கில் அது வீட்டு வாசலில் தொடங்குகிறது. அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறாள். களப்பணியாளர் கையில் மூடியுள்ள சின்ன டப்பா, எண் எழுதிய சீட்டு, குளிர்ப்பெட்டி. 'நேத்துதானே எடுத்துட்டுப் போனீங்க, இன்னைக்கு என்ன?' என்று மாமியார் கேட்பார். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரியாதவர் அந்த வேலையில் நீடிக்கமுடியாது. மூன்று ஆண்டு ஒரு குடும்பம் கதவைத் திறந்துவிடுகிறதென்றால் அது அந்த ஆளுக்காகத்தான். உள்ளே இருக்கும் கருவிக்காக இல்லை.

முடிவு 2011இல் வெளிவந்தபோது சற்று அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இதற்கு முன் மெக்சிகோவில் இப்படியே குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1996இல் வந்திருந்தது. இரண்டு முறை ரோட்டாவைரஸ் தொற்று வந்துவிட்டால் அதன்பின் கடுமையான நோய் வருவதே இல்லை என்று அது சொன்னது. தடுப்பூசித் திட்டங்களின் நம்பிக்கையே அந்தக் கணக்கின்மேல் நின்றது. வேலூர்க் குழந்தைகளில் 56 விழுக்காட்டினருக்கு ஆறு மாதம் முடிவதற்குள் முதல் தொற்று வந்துவிட்டது. மறுதொற்று மிக அதிகம். மூன்று முறை தொற்று வந்தபிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோக் கணக்கு இங்கே செல்லவில்லை. வாரத்துக்கு இருமுறை வாசல் தட்டியவர்களின் உழைப்பில்லாமல் இது தெரியவே வந்திருக்காது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் எண்ணியிருந்தால் அறிகுறியில்லாத தொற்றுகள் அத்தனையும் கண்ணில் படாமல் போயிருக்கும்.

அறிகுறியில்லாத தொற்றிலிருந்துதான் நம் தடுப்பூசியும் வந்தது. டெல்லி எய்ம்ஸில் 1980களில் எம்.கே. பான் குழுவினர், பிறந்த குழந்தைகள் இருக்கும் அறையில் ரோட்டாவைரஸ் பரவியிருந்தும் குழந்தைகள் நோயின்றி இருப்பதைக் கண்டார்கள். '116இ' என்ற அந்த வகையைப் பிரித்துப் பாதுகாத்தார்கள். அதுவே பாரத் பயோடெக்கின் 'ரோட்டாவாக்' ஆனது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்ததில், முதலாண்டில் கடுமையான நோயை 56 விழுக்காடு அளவுக்குத் தடுத்ததாக 2014இல் வெளியிட்டார்கள். 2016இல் நான்கு மாநிலங்களில் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அத்தனை காலமும் ஒரு வைரஸ் உறைநிலையில் கெடாமல் இருந்தாக வேண்டும்.

ஃப்ரீசருக்கு வருவேன். அதற்குமுன் இரத்தம்.

மூன்று கிலோ எடையோடு பிறந்த குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 250 மில்லிதான். ஆய்வுக்காக ஒரே நேரத்தில் அதில் ஒரு விழுக்காட்டுக்கு மேலும், நான்கு வாரத்தில் மூன்று விழுக்காட்டுக்கு மேலும் எடுக்கவேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. குறைமாதத்தில் ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையானால் ஒரு தடவைக்கு ஒரு மில்லிகூட இல்லை. பெரியவர்களுக்கான லேபில் ஒரு சோதனைக்கே ஐந்து மில்லிக் குழாயை நீட்டுவார்கள். 'பெரியவர்களின் லேப் இருக்கிறதே, குழந்தை மாதிரியையும் அங்கேயே கொடுத்துவிடலாமே' என்று சிக்கனம் பேசும் நிர்வாகிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு அழகான விடை கண்டவர் அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராபர்ட் கத்ரி. அவருடைய மகன் மனவளர்ச்சி குன்றியவன். உறவுக் குழந்தை ஒன்றுக்கு, இரத்தத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் தேங்கும் ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் இருந்தது. 1960களின் தொடக்கத்தில், குதிகாலில் குத்தி வரும் இரத்தத் துளியைத் தடித்த வடிதாளில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். காய்ந்த தாளிலிருந்து சின்ன வட்டத்தை வெட்டி, பாக்டீரியா கலந்த அகார் தட்டில் வைத்தால், இரத்தத்தில் ஃபீனைல்அலனின் மிகுந்திருக்கும் வட்டத்தைச் சுற்றி மட்டும் பாக்டீரியா வளரும். ஒரே தட்டில் பல குழந்தைகளின் வட்டங்கள். இந்த முறையால் தூரமும் குறைந்தது. தாள் தபாலில் போகும். துளி வட்டத்தை நிரப்பி மறுபக்கம் வரை ஊறவேண்டும். ஒரே இடத்தில் இரண்டாம் துளி விடக்கூடாது. வெயில் படாமல் கிடைமட்டமாகக் காயவேண்டும். நல்ல செவிலியர் கை பட்ட அட்டையைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாம்.

அந்த அட்டைகளை என்ன செய்வது என்பதில் நாடுகள் பிரிந்தன. டென்மார்க் 1982 முதல் பிறந்த குழந்தைகளின் துளிகளைச் சேமித்துவைத்து ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துகிறது. டெக்சஸ் மாநிலத்தில் பெற்றோரிடம் கேளாமல் சேமித்தார்கள் என்று வழக்கு வந்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அழிக்கவேண்டியதாயிற்று. அறிவியலுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று என் நண்பர்கள் புலம்பினார்கள். நான் பெற்றோர் பக்கம். கேட்டிருந்தால் பெரும்பாலோர் கொடுத்திருப்பார்கள். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பெற்றோர் சம்மதத்தோடு ஏழு வயது முதல் குழந்தையின் இசைவையும் பெறச் சொல்கின்றன. குழந்தை மாதிரிகள் உள்ள ஃப்ரீசருக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு: உள்ளே இருப்பவற்றின் சொந்தக்காரர்கள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் வந்து, 'என் இரத்தம் இங்கே இருக்கிறதாமே' என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

மைனஸ் 80 பாகையில் நிற்கும் ஃப்ரீசருக்கு நம் ஊர் மே மாதம் பெரிய எதிரி. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் என்பார்கள். ஜெனரேட்டர் எடுக்காத இரவும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. காவலருக்கு அது என்ன சத்தம் என்று சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. தொல்லையாக இருக்கிறதென்று ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தவர்கள் பனி உருகி ஓடிய தரையில் நின்றார்கள். இழந்த மாதிரிகளை மறுபடி எடுக்க வழியில்லை. ஆறு மாதக் குழந்தைக்கு அதற்குள் இரண்டு வயதாகியிருந்தது.

லண்டனில் 2019இல் திறந்த சாயத் மையத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டடக் கலைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும், அரிய நோய்களுக்கான இடம். தெருவில் நடப்பவர்கள் கண்ணாடி வழியே கீழ்த்தளத்து லேபைப் பார்க்கலாம். அதே கட்டடத்தில் புறநோயாளிப் பிரிவும், மரபணு சிகிச்சைக்கான பொருள்களைத் தயாரிக்கும் தூய அறைகளும் உள்ளன. ஃபார்பர் நிலவறையிலிருந்து ஏறிவந்த படிகளை இங்கே வரைபடத்திலேயே சுருக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கண்ணாடி வழியே தெரிவதெல்லாம் மேசையும் கருவியும் வெள்ளை அங்கியும்தான்.

தெரியாதது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம் நாட்டில் இந்த அறைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் தொழில்நுட்பர்களும் களப்பணியாளர்களும். திட்டம் மூன்று ஆண்டு, நீண்டால் ஐந்து. பணம் நின்றால் ஆள் போய்விடுவார், ஃப்ரீசர் நிற்கும். எந்த அடுக்கில் எந்தப் பெட்டி, மார்க்கர் அழிந்துபோன குழாய் எந்தத் தெருக் குழந்தையுடையது, ஜெனரேட்டர்க்காரரின் கைப்பேசி எண் என்ன என்பதெல்லாம் அந்த ஆளோடு போய்விடும். கட்டடத்துக்குக் கொடை தர ஆட்கள் கிடைக்கிறார்கள், கல்வெட்டில் பெயர் வரும். கருவிக்கும் கிடைக்கிறார்கள், குத்துவிளக்கு ஏற்றலாம். ஒரு தொழில்நுட்பருக்கு இருபது ஆண்டுச் சம்பளம் தருகிறேன் என்று வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் உரிமையோடு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் என்னைப் போன்ற ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறீர்கள், மகிழ்ச்சி. இந்தச் சொற்பொழிவுக்குச் செலவாகும் வட்டித் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இந்தக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவு லேபில் ஒரே ஒரு பணியிடத்தை நிரந்தரமாக்க முடியுமா என்று பாருங்கள். அடுத்த ஆண்டு சொற்பொழிவு இல்லாமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை. பேசவேண்டியதை நான் பேசிவிட்டேன்.